பேராமை டிராக்ல இருந்து அதோட நடத்தை வரைக்கும்: ஹிட்டன் மார்கோவ் மாடல் போட முழு வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில கடல் ஆமை, பூநாரை, உள்ளான் இப்படி எதுக்காவது டேக் (சாட்டிலைட் வழியா இடம் சொல்ற கருவி) போட்ட டேட்டா கையில வந்த உடனே எல்லாரும் முதல்ல ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருள திறந்து ஹிட்டன் மார்கோவ் மாடல், அதாவது நகர்ற விதத்த வச்சு மறைஞ்சிருக்கற நடத்தைய ஊகிக்கற கணக்கு, ஓட்டத்தான் பாக்குறாங்க. மாடல் ஓடிடும், அழகா ரெண்டு கலர்ல மேப்பும் வந்துடும், ஆனா அந்த ரெண்டு கலரும் ஆமைய பத்தி சொல்லுதா, இல்ல சாட்டிலைட் பிழைய பத்தி சொல்லுதான்னு கேட்டா பதில் இருக்காது. இந்த வேலையில முக்கால்வாசி மாடலுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது. அதனால வரிசைய மாத்தாம பண்ணுங்க.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை பேராமைய வச்சுக்குவோம். மண்டபம் பக்கம் பாக் நீரிணைல கடல்புல் மேஞ்சுட்டு இருக்கு, முதுகுல ஆர்கோஸ்ங்கற சாட்டிலைட் அமைப்போட டேக். கீழ வர்ற படி (பதிவான ஒரு இடத்துல இருந்து, அதாவது ஒரு பாயின்ட்ல இருந்து, அடுத்ததுக்கு நகந்தது) அளவு எண்கள் எல்லாம் இந்த கற்பனை ஆமைக்குத்தான், உங்க டேட்டாவுக்கு அப்படியே தூக்கி போட்டுடாதீங்க.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

ஆர், ஆர்ஸ்டூடியோ, அதுல இந்த மாடல ஓட்டுற மூவ்ஹெச்எம்எம் இல்ல மொமென்டுஹெச்எம்எம் பேக்கேஜ், அப்புறம் நடுவுல விட்டுப்போன இடத்த கணிக்கற கிரால் பேக்கேஜ். புதுசா வர்றவங்க மூவ்ஹெச்எம்எம்ல ஆரம்பிங்க, அதுல படி நீளம், திரும்புற கோணம் ரெண்டு மட்டும்தான், குழப்பம் கம்மி. டைவ் ஆழம் மாதிரி மூணாவது டேட்டா சேக்கணும்னா மொமென்டுஹெச்எம்எம்.

சொந்த டேட்டா இல்லன்னா மூவ்பேங்க்ங்கற விலங்கு டிராக் இணையதளத்துல பொதுவில விட்டிருக்கற டேட்டாவ எடுத்து பழகுங்க. "நாமளே ஒரு ஆமைய புடிச்சு டேக் போட்டுட்டா என்ன"ன்னு கேக்காதீங்க, கடல் ஆமை, ஆவுளியா எல்லாம் 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணை, தலைமை வன உயிரின காப்பாளர் எழுத்துல அனுமதி குடுக்காம தொடவே கூடாது. மன்னார் வளைகுடா பக்கம் 21 தீவுகளும் 1986ல அறிவிச்ச கடல்சார் தேசிய பூங்காவுக்குள்ள வருது, அங்க காலடி வைக்கறதுக்கே தனி அனுமதி வேணும்.

இன்னொன்னும் வேணும், ஒரு நோட்டுல ஒரே ஒரு கேள்வி. "ஆமை எங்க போகுது"ங்கறது கேள்வி இல்ல, அதுக்கு மேப் போதும். "எந்த இடத்துல தங்கி மேயுது, எப்போ இடம் மாறுது, இடம் மாறுறது ராத்திரியா பகலா" – இது கேள்வி. எத்தன மணி நேரத்துக்கு ஒரு பாயின்ட் வேணும்ங்கறத இந்தக் கேள்விதான் முடிவு பண்ணும்.

2. மாடல் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள போங்க

ஆமை ஒவ்வொரு நேரத்துலயும் கண்ணுக்கு தெரியாத ஏதோ ஒரு நிலைல இருக்குன்னு மாடல் எடுத்துக்குது. நமக்கு தெரியறது படி நீளமும் கோணமும்தான். சின்ன படி, கன்னாபின்னான்னு திரும்புறது ஒரு நிலை. நீளமான படி, நேரா போறது இன்னொரு நிலை. ஒரு நிலைல இருந்து இன்னொன்னுக்கு மாறுற வாய்ப்ப தனியா கணக்கு பண்ணும்.

"மேய்ச்சல்", "பயணம்"ங்கற பேரெல்லாம் நம்ம வச்சது. மாடலுக்கு தெரிஞ்சது நிலை 1, நிலை 2, அவ்வளவுதான். கடைசி வரைக்கும் இத மறக்காதீங்க.

3. கச்சா பாயின்ட்ட மேப்புல போட்டு கண்ணால பாருங்க

எந்த பில்டரும் போடாம, எந்த கோட்டாலயும் இணைக்காம, வெறும் புள்ளியா போடுங்க. தங்கச்சிமடம் ரோட்டு மேல ஆமை நிக்கும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு கிட்டயும் ஒன்னு ரெண்டு இருக்கும். சிரிச்சுட்டு அழிச்சுடாதீங்க, முதல்ல அது எந்த ரகம்னு பாருங்க.

ஆர்கோஸ் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஒரு தரம் குடுக்கும். 3ன்னா பிழை 250 மீட்டருக்குள்ள, 2ன்னா 250ல இருந்து 500, 1ன்னா 500ல இருந்து 1500, 0ன்னா 1500க்கு மேல. ஏ, பி ரெண்டுக்கும் இப்படி எந்த வரம்பும் கிடையாது, இசட்ன்னா செல்லாது. ஆமை மூச்சு விட மேல வர்ற கொஞ்ச நேரத்துல மட்டும்தான் டேக் பேசும், அதனால கடல் ஆமை டேட்டால ஏ, பிதான் குமிஞ்சு கிடக்கும். புது டேட்டான்னா பிழை நீள்வட்டமும் (பிழை எந்தப் பக்கம் எவ்வளவுன்னு காட்டுறது) கூடவே வரும், அது இருந்தா கண்டிப்பா டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க, 6வது பகுதில உயிர் காக்கும். பிழை பொதுவா தெக்கு வடக்க விட கிழக்கு மேற்காதான் இழுக்கும், சாட்டிலைட் துருவத்துக்கு துருவம் ஓடுறதுனால.

ரெண்டு விஷயத்த இங்கயே புடிச்சுடலாம். ஒன்னு, நாள் கணக்கா நிலத்துலயே நல்ல தரமான பாயின்ட்டா, அதுவும் அடிக்கடி வருதுன்னா டேக் கழண்டு கரைல கிடக்கு, இல்ல யார் வீட்டுலயோ இருக்கு. இன்னொன்னு, கொஞ்ச நேரம் மட்டும் ஒரே நேர் கோட்டுல, ஆமை நீந்தவே முடியாத வேகத்துல துறைமுகம் பாத்து வந்துச்சுன்னா அது படகுல ஏறி வந்திருக்கு. ரெண்டையும் மாடலுக்கு குடுத்தா "பயணம்"னு அழகா கலர் அடிச்சு குடுக்கும்.

4. நேரத்த சரி பண்ணுங்க

டேட்டா யுடிசிங்கற உலகப் பொது நேரத்துல வரும், நம்ம நேரம் அதுக்கு 5 மணி 30 நிமிஷம் முன்னாடி. யுடிசி 00:30ன்னா மண்டபத்துல காலைல 6 மணி, வல்லம் கரை திரும்புற நேரம். இத மாத்தாம "ராத்திரி நேரத்துலதான் ஆமை ஓடுது"ன்னு எழுதிட்டா கதையே தலைகீழ்.

சிஎஸ்வி பைல எக்ஸெல்ல ஒரு தடவ திறந்து சேவ் பண்ணாலே தேதி வடிவம் மாறி, 12 வரைக்கும் உள்ள நாள் எல்லாம் மாசமா போயிடுற அபாயம் இருக்கு. எக்ஸெல்ல திறக்காதீங்க. நேரா ஆர்ல படிங்க, டைம்சோன எழுதியே குடுங்க, வரிசைப்படுத்துங்க, ஒரே நேரத்துல ரெண்டு வரி இருந்தா தரம் நல்லா இருக்கறத வச்சுக்கங்க.

5. வேக பில்டர், நில பில்டர் – அளவோட

கடல் ஆமைக்கு மணிக்கு 5 கிமீக்கு மேல போற பாயின்ட்ட தூக்குறது வழக்கமான அளவு. இசட் எல்லாம் முதல்லயே போகட்டும். ஏ, பி ரெண்டையும் கண்ண மூடிட்டு தூக்காதீங்க, தூக்குனா பாதி டிராக்கே காலி, மிச்சம் இருக்கறது ஆமை அதிக நேரம் மேல மிதந்த சமயம் மட்டும்தான், அப்போ டேட்டாவே ஒரு பக்கமா சாஞ்சுடும்.

நிலத்துல விழுந்த பாயின்ட்டுக்கு இங்க ஒரு தனி சிக்கல் இருக்கு. ராமேஸ்வரம் தீவும் தனுஷ்கோடி மணல் திட்டும் ஒடிசலா நீண்டு கிடக்கு, வடக்க பாக் நீரிணை, தெக்க மன்னார் வளைகுடா. ஒரு பி தர பாயின்ட் தீவ தாண்டி அந்தப் பக்கம் கடல்ல விழுந்தா நில பில்டர் அத புடிக்கவே புடிக்காது, தண்ணிலதான இருக்கு! ஆமை பாம்பன் கால்வாய் வழியா போச்சா இல்ல பிழையான்னு கையால பாத்துத்தான் சொல்லணும். அந்தப் பக்கம் தொடர்ந்து பாயின்ட் வந்தா நம்பலாம், ஒத்த பாயின்ட் போயிட்டு உடனே திரும்பிட்டா தூக்குங்க.

தூக்குனது எல்லாத்தையும் ஏன் தூக்குனோம்னு டேபிள்ல ஒரு தனி நெடுவரிசை போட்டு வச்சுக்கங்க. ஆறு மாசம் கழிச்சு கைடு கேப்பாரு.

6. மீட்டருக்கு மாத்தி, சம இடைவெளிக்கு கொண்டுவாங்க

அட்சரேகை தீர்க்கரேகைய யுடிஎம்ங்கற மீட்டர் கணக்கு வரைபட முறைல 44 வடக்கு மண்டலத்துக்கு மாத்துங்க, மென்பொருள்ல அதுக்கான குறியீடு இபிஎஸ்ஜி எண் 32644. இந்த மண்டலம் 78 டிகிரி கிழக்குல ஆரம்பிக்குது, நம்ம கடற்கரை முழுசா உள்ள வந்துடும். ஆமை தூத்துக்குடிய தாண்டி கன்னியாகுமரி பக்கம் போச்சுன்னா அது 43ல விழும், அப்பவும் மொத்த டிராக்கயும் 44லயே வச்சுக்கங்க, நடுவுல மாத்துனா ஒரு படி மட்டும் நூத்துக்கணக்கான கிமீன்னு வந்து நிக்கும். மாத்துன பிறகு ஆயிரத்தால வகுத்து கிமீ ஆக்கிடுங்க, ஏன்னு 7ல தெரியும்.

அடுத்தது சம இடைவெளி. இந்த மாடலுக்கு படி எல்லாம் ஒரே கால அளவுல இருந்தே ஆகணும், 1 மணி நேர படியும் 9 மணி நேர படியும் கலந்தா நீளத்த ஒப்பிட அர்த்தமே இல்ல. ஆனா நம்ம இருக்கறது 9 டிகிரி வடக்கு, துருவத்து பக்கம் இருக்கற மாதிரி சாட்டிலைட் தலைக்கு மேல அடிக்கடி வராது, ஒரு நாள்ல வர்ற பாயின்ட் கம்மி, அதுவும் கொத்து கொத்தா வரும். வாடைக்காத்து அடிக்கற மாசத்துல பாக் நீரிணை கொந்தளிக்கும், ஆன்டெனா மேல அலை அடிச்சு இன்னும் விட்டுப்போகும். அதனால இடைவெளி விழுறது எதேச்சையா விழுறது இல்ல, சீசனோட சேந்து விழுது.

பக்கத்து பக்கத்து பாயின்ட்டுக்கு நடுவுல உள்ள நேரத்த ஒரு ஹிஸ்டோகிராம் போடுங்க. பாதிக்கு மேல 4 மணி நேரத்துக்குள்ள வருதுன்னா 4 மணி இடைவெளி எடுக்கலாம். டேட்டா 6 மணி நேரத்துக்கு ஒன்னுதான் வருது, நான் 1 மணி நேரத்துக்கு ஒன்னு எடுப்பேன்னா நடுவுல உள்ள அஞ்சும் நம்ம உருவாக்குனது, ஆமை போனது இல்ல.

ஆர்கோஸ் டேட்டாவுக்கு நேர் கோட்டு இடைக்கணிப்பு வேண்டாம், கிரால் போடுங்க. அது பிழை நீள்வட்டத்தையும் எடுத்துக்கிட்டு, ஆமை எங்க இருந்திருக்கும்னு நிச்சயமின்மையோட சேத்து சொல்லும். அந்த நிச்சயமின்மைய தூக்கி எறிஞ்சுட்டு நடு கோட்ட மட்டும் எடுக்கறதுதான் எல்லாரும் பண்றது. மொமென்டுஹெச்எம்எம்ல அதே டிராக்க பல தடவ உருவாக்கி ஒவ்வொன்னுக்கும் மாடல் ஓட்டி சேக்குற வசதி இருக்கு, நேரம் புடிக்கும், ஆனா ஆர்கோஸ் டேட்டாவுக்கு என்னோட கருத்து அது இல்லாம பேப்பர் எழுதக்கூடாது.

பெரிய இடைவெளிக்கு மேல பாலம் கட்டாதீங்க. 4 மணி இடைவெளி எடுத்துக்கிட்டு 2 நாள் டேட்டா இல்லன்னா அந்த இடத்துல டிராக்க வெட்டி, வெட்டுன துண்டுக்கு தனி ஐடி குடுத்துடுங்க. பாலம் கட்டுனா அந்த 12 படியும் வழவழன்னு நேரா ஒரே நீளத்துல இருக்கும், மாடல் அத அப்படியே "பயணம்"ல கொண்டு போய் போடும், நீங்களும் ஆமை அந்த வாரம் இடம் மாறுச்சுன்னு எழுதிடுவீங்க.

இப்போ ஒரு முக்கியமான சோதனை. படி நீளத்துக்கும் கோணத்துக்கும் ஹிஸ்டோகிராம் போடுங்க. கோணம் 180 டிகிரி பக்கம், ரெண்டு ஓரத்துலயும், குவிஞ்சு நிக்குதா? உடனே "ஆமை முன்னும் பின்னும் மேயுது"ன்னு சந்தோஷப்படாதீங்க. ஒரு இடத்துல சும்மா கிடக்கற ஆமையோட பாயின்ட்ட பிழை இங்கயும் அங்கயும் தள்ளுனா அது போய் போய் திரும்பி வர்ற மாதிரியேதான் தெரியும். 4 மணி நேரத்துல ஆமை 300 மீட்டர்தான் நகந்திருக்கு, பாயின்ட்டோட பிழை 1 கிமீன்னா நீங்க அளக்கறது ஆமைய இல்ல, சாட்டிலைட்ட. அப்படி இருந்தா இடைவெளிய 8, 12 மணின்னு கூட்டுங்க, இல்ல கேள்விய மாத்துங்க. பாஸ்ட்லாக் ஜிபிஎஸ் (சட்டுனு இடம் புடிக்கற ஜிபிஎஸ்) டேக்னா இந்த தொல்லை ரொம்ப கம்மி, ஆனா அதுலயும் 4 சாட்டிலைட்ல எடுத்த பாயின்ட்ட சந்தேகமாத்தான் பாக்கணும்.

7. ரெண்டு நிலைல ஆரம்பிங்க, தொடக்க மதிப்ப கையால யோசிங்க

பிரெப்டேட்டா பங்ஷன் படியும் கோணமும் கணக்கு பண்ணி குடுக்கும். படிக்கு காமா பரவல் (பூஜ்யத்துக்கு மேல உள்ள எண்ணுக்கானது), கோணத்துக்கு வான் மீசஸ் பரவல் (வட்டமா சுத்துற கோணத்துக்கானது). படி நீளம் சரியா பூஜ்யம்னு எங்கயாவது இருந்தா காமாவால தாங்க முடியாது, பூஜ்யத்துக்கு தனி அளவுரு கேக்கும். ஆமைக்கு சரியா பூஜ்யம் வர்றது பெரும்பாலும் நகல் வரிதான், 4வது பகுதிக்கு திரும்பி போங்க.

அப்புறம் ஒவ்வொரு நிலைக்கும் தொடக்க மதிப்பு குடுக்கணும். இங்கதான் பாதி பேர் விழுறாங்க. நம்ம ஆமைக்கு 4 மணி படில தங்கற நிலை சராசரி 0.5 கிமீ, விலகல் 0.5, பயண நிலை மணிக்கு ஒன்றரை கிமீ வச்சாலும் 6 கிமீ, விலகல் 3. கோணச் செறிவு (பெருசா இருந்தா கோணம் சிதறாம குவிஞ்சிருக்குன்னு அர்த்தம்) முதல் நிலைக்கு 0.5, ரெண்டாவதுக்கு 5. டேட்டா மீட்டர்ல இருக்கு, தொடக்க மதிப்பு கிமீல குடுத்தீங்கன்னா ஒன்னு பிழை வரும், இல்ல பிழை வராம அபத்தமான விடை வரும், பின்னது இன்னும் மோசம். அதுக்குத்தான் முன்னாடியே கிமீ ஆக்க சொன்னது.

ஒரு தடவ ஓட்டி வந்தத எடுத்துக்காதீங்க. மாடல் தேடுறது ஒரு மேடு பள்ளமான இடத்துல மிக ஆழமான குழிய, ஆரம்பிக்கற இடம் தப்பா இருந்தா பக்கத்துல உள்ள சின்ன குழிலயே உக்காந்துடும். ஒரு வரம்புக்குள்ள தொடக்க மதிப்ப ரேண்டமா மாத்தி 30, 40 தடவ ஓட்டுங்க. நெகட்டிவ் லாக் லைக்லிஹுட் (டேட்டாவோட மாடல் எவ்வளவு பொருந்தலன்னு காட்டுற எண்) எதுல கம்மியோ அதுதான் விடை, ஆனா பல ஓட்டம் அதே மதிப்புல வந்து நிக்கணும். ஒத்த ஓட்டம் மட்டும் ரொம்ப கம்மியா வந்து அதுல ஒரு நிலையோட விலகல் பூஜ்யத்த ஒட்டி இருந்தா அது விடை இல்ல, கோளாறு.

மொமென்டுஹெச்எம்எம்ல ஒரு பொறி: கோணத்தோட சராசரிய நீங்க கேட்டாத்தான் மதிப்பிடும், கேக்கலன்னா 0ன்னு வச்சுக்கும். மூவ்ஹெச்எம்எம் தானாவே மதிப்பிடும். ரெண்டுலயும் ஓட்டி "விடை ஏன் வேற"ன்னு மண்டைய உடைக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க.

8. மாறுற வாய்ப்பு அட்டவணைய படிங்க

கலர் மேப்ப பாக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க. தங்கற நிலைல இருந்து தங்கற நிலைக்கே 0.95ன்னா ஒரு தடவ அந்த நிலைக்கு வந்தா சராசரியா 1 வகுத்தல் 0.05, அதாவது 20 படி, 4 மணி கணக்குல 80 மணி நேரம். மூணு நாளுக்கு மேல ஒரே கடல்புல் திட்டுல, ஏத்துக்கலாம். அதே 0.5ன்னு வந்தா 8 மணி நேரத்துக்கு ஒரு தடவ நிலை மாறுது, அது நடத்தையா இருக்கறத விட பிழைய மாடல் துரத்துறதா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.

விடெர்பிங்கற கணக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரே நிலைய அடிச்சு சொல்லிடும். கூடவே நிலை நிகழ்தகவையும் எடுங்க. 0.5, 0.6ல ஊசலாடுற படிய எல்லாம் மேப்புல சாம்பல் கலர் பண்ணுங்க. சாம்பல் ஜாஸ்தியா இருந்தா அது வெக்கப்பட வேண்டிய விஷயம் இல்ல, மறைச்சாத்தான் தப்பு.

9. மாடல் பொருந்துதான்னு பாருங்க, ஏஐசிய மட்டும் நம்பாதீங்க

சூடோ ரெசிடுவல் (மாடல் விளக்காம விட்ட மிச்சம்) எடுத்து கியூகியூ படமும் (பரவல் பொருந்துதான்னு காட்டுறது) ஏசிஎஃப் படமும் (மிச்சம் முன்னாடி உள்ளதோட ஒத்துப்போகுதான்னு காட்டுறது) போடுங்க. ஏசிஎஃப்ல 6வது லேக்குல (6 படி தள்ளி) ஒரு குச்சி நீட்டிக்கிட்டு நின்னா, 6 பெருக்கல் 4, 24 மணி நேரம், ராத்திரி பகல் விஷயம் ஒன்ன மாடல் விட்டுடுச்சுன்னு அர்த்தம்.

3 நிலை, 4 நிலைன்னு கூட்டிட்டே போனா ஏஐசி (மாடல்கள ஒப்பிடுற மதிப்பெண், கம்மின்னா நல்லது) பெரும்பாலும் இறங்கிட்டே போகும், உண்மையான நிலை அத்தன இருக்குன்னு இல்ல, பரவல்ல சரியா உக்காராதத எல்லாம் புது நிலை ஒன்னு வந்து அள்ளிக்கும். 3வது நிலை எதுன்னு ஒரு வாக்கியத்துல சொல்ல முடியலன்னா 2லயே நில்லுங்க.

10. வெளி காரணிகள கடைசில, ஒன்னொன்னா சேருங்க

நேரத்த 0ல இருந்து 23ன்னு நேரா போடாதீங்க, 23க்கும் 0க்கும் நடுவுல சுவர் எழும்பிடும். சைன், கொசைனா மாத்தி போடுங்க, இந்திய நேரத்துல.

ஆழம் போடும்போது ஜாக்கிரதை. பாக் நீரிணை சராசரியே 9, 10 மீட்டர்தான், கரையோரத்துல உலக அளவு ஆழ வரைபடத்துல உள்ள கட்டம் ஒன்னு நானூறு மீட்டருக்கு மேல இருக்கும், பிழையும் ஆழமும் ஒரே அளவுல வந்து நிக்கும். வரைபட பைல நம்ம கடல் எல்லையோட வெட்டி வச்சிருந்தீங்கன்னா ஆமை அந்தப் பக்கம் இலங்கை கடல்ல போனதும் ஆழம் காலியாகும், பேக்கேஜ் ஒரு சின்ன எச்சரிக்கைய காட்டிட்டு பக்கத்து மதிப்ப எடுத்து நிரப்பிக்கும். சிவப்பு எழுத்துல வர்றத படிங்க.

இந்த ஊருக்குன்னு சேக்க வேண்டிய காரணி படகு போக்குவரத்து. கிழக்கு கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடைக்காலம், மத்த மாசத்துலயும் பாக் நீரிணைல விசைப்படகு ஒரு நாள், நாட்டுப்படகு ஒரு நாள்னு முறை வச்சு போறாங்க. படகு போற நாள் போகாத நாள்னு 0, 1 போட்டாலே நல்ல காரணி. ஆனா காகிதத்துல உள்ள கிழமைய வச்சு போடாதீங்க, காத்து, ஸ்டிரைக், புயல் எச்சரிக்கைன்னு மாறிட்டே இருக்கும், டோக்கன் (கடலுக்கு போக குடுக்கற அனுமதிச் சீட்டு) குடுத்த நாள் எதுன்னு விசாரிச்சு போடுங்க. அதே சமயம் தடைக்காலமும் சீசனும் ஒன்னா வருது, ஒரே வருஷ டேட்டாவ வச்சு ஆமை மாறுனது படகாலயா கடல் சூட்டாலயான்னு பிரிக்கவே முடியாது. எத்தன ஆயிரம் படி இருந்தாலும் ஒரு ஆமை ஒரு ஆமைதான்.

11. நிலைக்கு பேர் வைக்கறது

சின்ன படி நிலைக்கு "மேய்ச்சல்"னு பேர் வைக்க எல்லாருக்கும் கை துறுதுறுங்கும். தூங்குற ஆமையும் சின்ன படிதான். ஆழம் கம்மியான கடல், பேராமை தரைலயே போய் படுத்துடும். டைவ் டேட்டா இல்லன்னா "தங்கல்"னு போடுங்க, அதுக்கு மேல போகாதீங்க.

நீவாடும் (கடல் நீரோட்டம்) கணக்குல வரணும். டேக் சொல்றது தரைய வச்சு நகந்த தூரம், தண்ணிய வச்சு இல்ல. பாம்பன் கால்வாய்ல தண்ணி இழுக்கற இழுப்புல மேல மிதக்கற ஆமை ஒன்னுமே பண்ணாம நீளமான நேர் படி போடும்.

நிலை மேப்ப பிரின்ட் எடுத்துக்கிட்டு அந்த இடத்துல வலை விடுற அண்ணன்மார் ரெண்டு மூணு பேர்கிட்ட தனித்தனியா காட்டுங்க. "இங்க பேராமை மேயுதாண்ணே"ன்னு கேக்காதீங்க, ஆமான்னுதான் சொல்லுவாங்க. "இந்த இடத்துல தரை எப்படிண்ணே இருக்கும்"னு கேளுங்க. புல்லு, சேறு, பாருன்னு (பாறைத் திட்டு) அவங்களே பிரிச்சு சொல்லுவாங்க, உங்க நிலை 1 அதோட எங்க ஒட்டுது, எங்க ஒட்டலன்னு அங்கயே பென்சில்ல குறிச்சுக்கங்க.

12. எத சேமிக்கணும், எத வெளில விடக்கூடாது

கச்சா டேட்டா, தூக்குன பாயின்ட் பட்டியல், இடைவெளி ஏன் 4 மணி, எல்லா தொடக்க மதிப்பும் அதோட லைக்லிஹுட்டும், பேக்கேஜ் பதிப்பு எண், ரேண்டம் சீட் (அதே ரேண்டம் மதிப்பு திரும்ப வர குடுக்கற எண்) – இவ்வளவும் ஒரே போல்டர்ல. இடைவெளிய 6, 8 மணின்னு மாத்தி ஓட்டுனதோட விடையையும் கூடவே வைங்க, அதுல தங்கற இடம் மாறிடுச்சுன்னா பேப்பர்ல அதையும் எழுதணும்.

ஆமை தங்கற இடத்தோட சரியான பாயின்ட்ட வாட்ஸ்அப் குரூப்ல, பேஸ்புக்ல போடாதீங்க, படத்துல கட்டம் பெருசாக்கி மங்கலா காட்டுங்க. டேக் இன்னும் ஓடிட்டு இருக்குன்னா அந்தப் படத்தையும் டேக் நின்ன பிறகு போட்டா போதும்.